ஆம்பூர் ஏரியில் ஒரு பிங்க் மேகம்!

பொங்கல் லீவுக்கு ஆம்பூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், போகியன்றுகூட பையிலிருந்து சார்ட் பேப்பரை எடுத்துக் கூடத்தில் விரித்துவிட்டாள். ஸ்கூல் ப்ராஜெக்ட். தலைப்பு: 'உலகின் பிங்க் நிறப் பறவைகள்'.

போனைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். ஆப்பிரிக்கா என்றால் பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ. அமெரிக்கா என்றால் கரண்டி மாதிரி அலகுள்ள ஒரு நாரை. ஆஸ்திரேலியா என்றால் காலா என்று ஒரு கொண்டைக்கிளி. உடம்பு பிங்க், முதுகு சாம்பல். அந்த ஊரில் முட்டாளைத் திட்டுவதற்கும் 'காலா' என்றுதான் சொல்வார்களாம். அதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தாள். அன்று முழுக்க எனக்கும் அந்தப் பட்டம்தான்.

இந்தியா பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "ஏம்மா, நம்ம ஊர்ல எதுவுமே இல்லையா?"

"ஆம்பூர்ல என்னடி இருக்கும்? பிரியாணியும் தோலும்தான்" என்றேன் நான், முறுக்கு சுட்டுக்கொண்டே.

வாசல் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவே இல்லை. "ஏன் இல்ல? சோளப்பட்சி இருக்குதே. சாயங்காலம் வா கண்ணு, காட்டறேன்" என்றார்.

நாற்பது வருஷமாக நான் இந்த ஊர்ப் பெண். எனக்குத் தெரியாது.

அப்பா முப்பத்தோரு வருஷம் ஒரு டேனரியில் வேலை பார்த்தவர். 'டிரம்' பக்கம். டிரம் என்றால் வீட்டு உயரத்துக்கு ஒரு மர உருளை. அதற்குள் தோலையும் தண்ணீரையும் ரசாயனத்தையும் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். பிங்க் பறவை என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது அதுதான். "பிங்க்கா? எத்தனை டிரம் பிங்க் ஓட்டியிருக்கேன் தெரியுமா? எல்லாம் வெளிநாட்டுப் பொம்பளப் பசங்க ஷூவுக்கு. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா எச்சில் துப்பினாக்கூட பிங்க்காத்தான் வரும்" என்று பேத்தியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. எனக்கு அப்பாவின் அந்தக் கால நகங்கள் ஞாபகம் வந்தன.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் அப்பாவும் அவளும், பின்னால் ஸ்கூட்டியில் நான். ஊரைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஓர் ஏரி. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ட்ரோன் பறக்கும். ஏரி என்று சொன்னாலும் கால்வாசிதான் தண்ணீர். மிச்சம் முழுக்க சீமைக்கருவேல முள்.

ஐந்தரை மணி வரை ஒன்றுமில்லை. இரண்டு கொக்கு, ஓர் எருமை. மகள் போனை எடுத்துவிட்டாள்.

அப்புறம் ஏலகிரி மலைப் பக்கமிருந்து புகை மாதிரி ஒன்று வந்தது. நூறா, இருநூறா என்று யோசிப்பதற்குள் இன்னொன்று. பிறகு தெற்கிலிருந்து ஒன்று. மூன்றும் ஏரிக்கு மேலே சேர்ந்தன. சேர்ந்த பின் அது பறவைக் கூட்டமாக இல்லை, யாரோ வானத்தில் போர்வையை உதறுவதைப் போல இருந்தது. நீண்டது, சுருண்டது, ஒரு பக்கம் திரும்பும்போது கறுத்தது, மறுபக்கம் திரும்பும்போது வெளுத்தது. எங்கிருந்தோ ஒரு வல்லூறு உள்ளே பாய்ந்தது. கூட்டம் நடுவில் கிழிந்து, அதைச் சுற்றி ஓடி, மறுபடி ஒட்டிக்கொண்டது. இருட்டும் நேரத்தில் மொத்தமும் சடாரென்று முள்ளுக்குள் கொட்டியது. மூட்டையிலிருந்து நெல் கொட்டுகிற சத்தம். அப்புறம் ஒரே கச்சேரி.

"வாவ்" என்றாள் மகள். அடுத்த நிமிஷமே, "ஆனா தாத்தா, இது பிங்க் இல்லையே. அழுக்கா இருக்கு" என்றாள்.

உண்மைதான். பைனாகுலரில் பார்த்தால் தலை, இறக்கை, வால் கறுப்பு. உடம்பு ஏதோ துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ரோஸ் சட்டை மாதிரி. சில குஞ்சுகள் அதுகூட இல்லாமல் வெறும் பழுப்பு.

"மார்ச்சுக்கு வா. அப்ப பாரு" என்றார் அப்பா.

சோளம் தேடி வந்த சூறைக்குருவி

வீட்டுக்கு வந்து தேடினேன். சோளப்பட்சி, சூறைக்குருவி, ரோஜா மைனா எல்லாம் ஒன்றுதான். நம் வீட்டு மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை. ஆனால் இதற்கு ஊர் இது இல்லை. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், சீனாவின் ஷின்ஜியாங் என்று மத்திய ஆசியாவின் புல்வெளிகள்தான் தாய்வீடு. மே, ஜூனில் கற்குவியல்களின் இடுக்கில் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பிவிடும். தமிழ்நாட்டுக்கு மழைக்காலம் முடியும் தறுவாயில் வரும். ஏப்ரல் வரை இருக்கும்.

அங்கே அதற்குப் பிடித்த சாப்பாடு வெட்டுக்கிளி. ஒரு பறவை ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல் தின்னும் என்கிறார்கள். அதனால் ஷின்ஜியாங்கில் 1980-களிலிருந்து இந்தப் பறவைக்காகவே கல்லை அடுக்கிச் செயற்கைக் கூடுகள் கட்டித் தருகிறார்கள். மருந்து அடிக்கிற செலவு மிச்சம். ஒரு கட்டுமான வேலையைப் பறவைகள் கூடு கட்டியிருப்பதற்காக நிறுத்திவைத்த செய்தியைக்கூடப் படித்திருக்கிறேன்.

இங்கே வந்தால் வெட்டுக்கிளியோடு சோளத்தையும் ஒரு கை பார்க்கும். அதனால்தான் அந்தப் பெயரே. சூறையாடுவதால் சூறைக்குருவி.

"உங்க ஆயா இதுங்கள விரட்டறதுக்கே ஒரு தகர டப்பா வெச்சிருப்பா" என்றார் அப்பா. ஆயா என்றால் எங்கள் பக்கம் பாட்டி. ஆற்றோரத்தில் ஒன்றரை ஏக்கர். சோளம், கேழ்வரகு, கிணற்றடியில் கத்திரிக்காய். சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் விடிவதற்குள் பரணில் ஏறி, டப்பாவைத் தட்டி, கவணில் கல் வைத்து அடித்து... அப்படியும் தின்றுவிடும். "பாழாப்போற பட்சி" என்று திட்டுவாளாம். ஆனால் கூட்டம் வரவில்லை என்றால், "இந்த வருஷம் என்ன, இன்னும் காணோம்?" என்று கவலையும் படுவாளாம்.

அந்த நிலத்தில் நான் பார்த்த காலத்தில் சோளம் இல்லை. எனக்கு நினைவு தெரிந்தபோது கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. வாயில் வைக்க முடியாது. துணி துவைத்தால் நுரை வராது. கத்திரிச்செடி இலை ஓரம் கருகும். தோல் கெட்டுப்போகாமல் இருக்க ஆலைக்கு வரும்போதே உப்புப் போட்டுத்தான் வரும். அந்த உப்பைக் கழுவிய தண்ணீர், முடி நீக்கச் சுண்ணாம்பு போட்ட தண்ணீர், அப்புறம் குரோமியத் தண்ணீர் எல்லாம் அந்தக் காலத்தில் போன இடம் வாய்க்கால், வாய்க்கால் போன இடம் பாலாறு.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் தோல் தொழில் புதிது இல்லை. அப்பாவின் அப்பா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் குழியில் ஊற வைப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். தோல் வெளிர் பழுப்பாக வரும். 1970-களில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்டு, செருப்பாக, பையாகச் செய்து அனுப்பினால் நாட்டுக்கு லாபம் என்ற கணக்கு. கணக்கு சரிதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லா ஊரிலும் ஆலைகள் பெருகின. ஆவாரம் பட்டைக்குப் பதில் குரோமியம் வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளில் முடிந்தது. தோல் வெளிர் நீலமாக வரும். ஆலையில் அதற்குப் பெயரே 'வெட் ப்ளூ'.

1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. இன்று சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்தால் இந்த வழக்கைச் சொல்லாமல் எடுக்க முடியாது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர், 170 வகை ரசாயனம், இந்தத் தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போனது என்று அந்தத் தீர்ப்பில் வரிசையாக இருக்கிறது. ஆலைக்கு ஆலை பத்தாயிரம் ரூபாய் அபராதம். மாசு செய்தவரே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்ற கொள்கை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயம். அதன் பிறகு நிறைய மாறியது என்பதும் உண்மை, மாறியது போதாது என்பதும் உண்மை. இல்லாவிட்டால் 2025 ஜனவரி 30-ம் தேதி அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாறு பற்றி இன்னொரு தீர்ப்பு சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஆயாவின் ஒன்றரை ஏக்கர் அந்த 35,000 ஹெக்டேருக்குள் வரும். அதே வருஷங்களில் அப்பாவின் சம்பளம் டிரம்மிலிருந்து வந்தது. என் கல்லூரி ஃபீஸ் அந்தச் சம்பளம். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதில்லை. ஆயா ஒரு முறை மட்டும், நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "நெலம் போனா என்ன, நீ படி" என்றாள். அப்பா அப்போது வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும்.

பழவேற்காட்டில் ஒரு கேள்வி

அழுக்கு பிங்க்கால் என் மகளுக்குத் திருப்தியில்லை. ப்ராஜெக்ட் கொடுத்து முடித்த பிறகும் "நிஜமான பிங்க்" பார்த்தே ஆக வேண்டும் என்று அடம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அப்பாவையும் சென்னைக்கு வரவழைத்து, எல்லோருமாகப் பழவேற்காடு போனோம். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக 60 கிலோமீட்டர். சில்க்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. டச்சுக்காரர்கள் 400 வருஷத்துக்கு முன்னால் கோட்டை கட்டிய ஊர். கோட்டை இல்லை, கல்லறைகள் இருக்கின்றன. மண்டையோடு செதுக்கிய கல் வாசலைப் பார்த்துவிட்டு மகள் பூநாரையையே ஐந்து நிமிஷம் மறந்துவிட்டாள்.

படகில் கொஞ்ச தூரம் போனதும் தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு. கிட்டே போகப் போகக் கோட்டுக்குக் கால் முளைத்தது. பூநாரைகள்! ஒரு ஐந்நூறாவது இருக்கும். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றத் தொடங்கினார். "கிட்ட போனா பறந்துடும். பறக்க வெச்சா பாவம், சாப்பாடு போயிடும்" என்றார். சுற்றுலா போகிறவர்கள் பறக்கவைத்து வீடியோ எடுக்கச் சொல்லிக் கேட்பார்களாம். தயவுசெய்து கேட்காதீர்கள்.

பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் பம்ப் அடித்து வடிகட்டிச் சாப்பிடும். அந்தச் சேற்று நீரில் உள்ள குட்டி இறால், பாசி இவற்றில் கேரட்டின் நிறத்துக்கும் காரணமான கரோட்டினாய்டு நிறமிகள் இருக்கின்றன. அதுதான் இறகில் ஏறிப் பிங்க் ஆகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல். நிறம் பிடிக்க இரண்டு, மூன்று வருஷம் ஆகும். உயிரியல் பூங்காவில் அந்தச் சாப்பாடு தராவிட்டால் வெளுத்துவிடும். நம் பக்கம் வரும் பெரிய பூநாரை பெரும்பாலும் வெள்ளையில் லேசாக ரோஸ் கலந்ததுதான். இறக்கையை விரிக்கும்போதுதான் குங்குமமும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். ஒரே ஒரு பறவை எங்களுக்காக விரித்துக் காட்டியது. போதும்.

"உப்புத் தண்ணில வளர்ற இறாலைத் தின்னுதான் இதுக்கு இந்தக் கலர்" என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்போ தாத்தா ஊர்க் கிணறும் உப்புத் தண்ணிதானே? அங்க ஏன் ஃபிளமிங்கோ வரல?"

நான் வாயைத் திறந்து மூடினேன். அப்பா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு, "இது கடல் போட்ட உப்பு கண்ணு. அது நாங்க போட்டது" என்றார்.

படகுக்காரர் மறுபடி கம்பை ஊன்றினார். திரும்பி வரும்வரை யாரும் பேசவில்லை. கரையில் வறுத்த மீன் சாப்பிட்டதும் எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது.

காரில் வரும்போது மகள் தன் சார்ட் பேப்பரில் எழுதாமல் விட்ட கதைகளைத் தாத்தாவுக்குச் சொன்னாள். அமெரிக்காவின் அந்த ரோஸ் கரண்டிவாயனை 19-ம் நூற்றாண்டில் இறகுக்காகச் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அதன் இறக்கையை அப்படியே பிடுங்கி விசிறியாக விற்றார்களாம். ஃபுளோரிடாவில் மிகச் சில ஜோடிகளே மிஞ்சின. பிறகு சட்டம் வந்து பிழைத்தது. "அங்க இறகு, இங்க தோலு. வியாபாரம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்றார் அப்பா.

மொரீஷியஸ் கதை அவருக்குப் பிடித்தது. ரூபாய் நோட்டில் தமிழ் அச்சடிக்கிற நாடு என்பதால் ஏற்கெனவே ஒரு பாசம். அங்கே மட்டுமே இருக்கும் பிங்க் புறா 1990 வாக்கில் காட்டில் பத்தே பத்துதான் மிச்சம். பிடித்து வந்து வளர்த்து, குஞ்சு பொரிக்கவைத்து, எலியையும் குரங்கையும் விரட்டி, மறுபடி காட்டில் விட்டார்கள். இப்போது 400-க்கும் மேல். டோடோவைத் தொலைத்த அதே தீவு.

நம் நாட்டுக் கதைதான் சோகம். இளஞ்சிவப்புத் தலை வாத்து என்று ஒன்று இருந்தது. உடம்பு சாக்லேட், தலையும் கழுத்தும் ரோஜா நிறம். கங்கைச் சமவெளியின் சதுப்புகளில் வாழ்ந்தது. வேட்டையும், சதுப்பை வயலாக மாற்றியதும் சேர்ந்து முடித்துவிட்டன. கடைசியாக உறுதியாகப் பார்க்கப்பட்டது 1935-ல், பீகாரின் தர்பங்காவில். இன்னும் மியான்மர் காடுகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மகளின் சார்ட்டில் இந்தியாவுக்கான கட்டத்தில் இப்போது அந்த வாத்துப் படம்தான் இருக்கிறது. டீச்சர் 'குட்' போட்டிருக்கிறார். ஆனால் அவளுக்கு உறுத்தல். "இருக்கறதை விட்டுட்டு இல்லாததை வரைஞ்சுட்டேன்" என்றாள்.

மார்ச் மாதத்து ரோஜா

மார்ச் கடைசி வாரம் மறுபடி ஆம்பூர். இந்த முறை காலையில் போகச் சொன்னார் அப்பா. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சென்னையிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம்தான். முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கிவிட்டு, ஆறு மணிக்குப் பறவை, அப்புறம் பிரியாணி. சீரகச் சம்பா அரிசியும் கத்திரிக்காய்த் தொக்குமாக இங்கே காலையிலேயே பிரியாணி கிடைக்கும். சிரிக்காதீர்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு.

ஏரிக்கரை அரச மரத்தில் பழம் பழுத்திருந்தது. மரம் முழுக்கச் சத்தம். முதல் வெயில் கிளையில் பட்டதும் மகள் என் கையைக் கிள்ளினாள்.

பிங்க். சந்தேகமே இல்லாத, பன்னீர் ரோஜாப் பிங்க். கறுப்புத் தலையில் கொண்டை சிலிர்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கில். ஜனவரியில் பார்த்த அதே பறவைகள்தான்.

சாயம் ஒன்றும் ஏறவில்லை. குளிர்காலத்தில் இதன் இறகு நுனியில் மங்கலான பழுப்பு விளிம்பு இருக்கும். முள்ளில் உரசி, காற்றில் அடிபட்டு, அந்த நுனி தேய்ந்து உதிரும். அடியில் இருந்த ரோஜா வெளியே வரும். முழு நிறமும் வரும்போது கிளம்புகிற நேரம் வந்துவிடும். அங்கே போய் ஜோடி தேட வேண்டுமே! நம்மிடம் இருக்கும் மாதங்களில் பாதிக்கு மேல் அது வேலைக்குப் போகிற உடையில்தான் இருக்கிறது.

அப்பாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிறார், ஆனால் கண்ணாடி வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் முறை. ரொம்ப நேரம் கொடுக்கவே இல்லை. "காலுகூட ரோஸுடி" என்றார்.

கீழே முள்ளுக்காட்டுப் பக்கம் பார்த்தால் சில மரங்களில் வெள்ளைப் பெயின்ட்டில் பட்டை அடித்திருந்தது. ஏரியைத் தூர் வாரப் போகிறார்கள். சீமைக்கருவேலத்தை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "எடுக்கட்டும்மா. அது உறிஞ்சற தண்ணிக்கு ஏரி எங்க ரொம்பும்? முள்ளு குத்தி ஆட்டுக்குக் கண்ணு போவுது" என்றார். நியாயம்தான். நீதிமன்றமே இந்த மரத்தை அகற்றச் சொல்லியிருக்கிறது. ஏரியில் தண்ணீர் நின்றால் கீழே கிணறுகளில் உப்பு கொஞ்சமாவது குறையும் என்று ஊரில் எல்லோருக்கும் ஆசை. அப்பாவுக்கும்தான்.

"அப்போ அதுங்க நைட்ல எங்க தூங்கும்?" என்றாள் மகள்.

பெரியவர் மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வேற எங்கனா பூடும் பாப்பா" என்றார்.

போகலாம். நிறையப் பறவை அப்படி இடம் மாறித்தான் பிழைக்கிறது. ஆனால் முள் இருக்கிற இடமாகத்தான் இது தேடும். பாம்பும் பூனையும் ஏற முடியாத முள். ஆற்றோரத்தில் கட்டடம் இல்லாத, வெளிச்சம் இல்லாத அப்படியோர் இடம் இப்போது எங்கே இருக்கிறது என்று நான் ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றிரண்டு தென்பட்டன. இரண்டிலும் பிளாட் கல் நட்டிருந்தது.

சென்னை திரும்பிவிட்டோம். ஏப்ரல் இரண்டாவது வாரம் காலை ஆறே காலுக்கு அப்பாவிடமிருந்து போன். பொதுவாக அந்த நேரத்தில் போன் வந்தால் கெட்ட செய்தி. பதறி எடுத்தேன்.

"போயிடுச்சும்மா. நேத்து சாயங்காலம் இருந்துச்சு. இன்னைக்கு மரமே காலி."

"நீங்க தினமும் போறீங்களாப்பா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "அது திரும்ப எப்ப வரும்?" என்றார்.

"அக்டோபர், நவம்பர் ஆகும்."

"அப்ப டைம் இருக்கு. பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டேன். வடக்கு மூலைல ஒரு கால் ஏக்கர் முள்ளு மட்டும் விட்டுட்டு மீதியை எடுக்கச் சொல்லி மனு எழுதித் தரச் சொன்னாங்க. அந்தப் பக்கம் மேடு, தண்ணி எப்படியும் நிக்காது. எழுதிட்டேன். பேத்திய எழுப்பு."

"எதுக்கு?"

"மனுவோட போட்டோ வைக்கணுமாம். அவ எடுத்ததுல ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லு. ஜனவரில எடுத்தது வேணாம். பிங்க்கா இருக்கறதாப் பார்த்து."